கடல் கடந்து கற்ற முதற் சொல்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வேங்கிக்காலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாக்களில் பெரும்பாலும் சங்க இலக்கியம் குறித்தோ, பாரதி, பாரதிதாசன் குறித்தோ பேசுவது நம் மரபு. இன்று அம்மரபிலிருந்து சற்றே விலக எனக்கு இசைவளிக்க வேண்டுகிறேன். மருத்துவம் பயிலும் மாணவி ஒருத்தி நான்கு வாரக் காலம் அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றில் பயின்று வந்த செய்தியைச் சொல்லப் போகிறேன். இலக்கிய மேடையில் மருத்துவமனைக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது சொற்களைப் பற்றிய கதை. சொற்களோடு வாழ்கின்ற உங்களிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பரிமாற்றம் என்னும் ஏற்பாடு

அம்மாணவி என் தமக்கையின் மகள். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயில்கிறாள். உலக மருத்துவ மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று ஓர் அமைப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின் புண்கள் ஆறிவந்த காலத்தில், 1951ஆம் ஆண்டில், டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனில் தோன்றியது அது. ஒரு நாட்டு மருத்துவ மாணவர் வேறொரு நாட்டு மருத்துவமனையில் ஏறத்தாழ நான்கு வாரம் தங்கிப் பயில அது வழி செய்கிறது. பல நாடுகளோடு அந்த ஏற்பாடு இருவழிப்பட்டது. இங்கிருந்து ஒருவர் சென்றால் அங்கிருந்து ஒருவர் வருவார். ஆகவேதான் அதற்குப் பரிமாற்றம் என்று பெயர். பட்டம் பெறுவதற்காக ஐந்தாறு ஆண்டுகள் வெளிநாடு செல்வது வேறு, இது வேறு. இதில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. கண்ணும் காதும் திறந்திருந்தால் கிடைப்பதே ஊதியம்.

எங்கள் பெண்ணுக்கு வாய்த்தது போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரம். புறப்படும் முன் என்னிடம் விடைபெற வந்தவள், "போர்த்துக்கீசியத்தில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாதே சித்தி" என்று கவலைப்பட்டாள். "நாள்தோறும் பத்துச் சொல்லாவது பேசிக்கொண்டுதானே இருக்கிறாய்?" என்றேன். சன்னலும் மேசையும் அலமாரியும் சாவியும் போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்றவை. ஜனெலா, மேசா, அர்மாரியோ, ஷாவெ என்று அவர்கள் சொல்வதை நாம் நம் நாவுக்கு ஏற்ப வளைத்துக் கொண்டோம். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. தாதியர் அறையில் ஒருவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாராம். அவர் கேட்டது என்னவென்று இவளுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டதாம். கடல் கடந்த ஊரில் தன் வீட்டுக் கதவு திறந்தது போல் இருந்தது என்று எழுதியிருந்தாள்.

லிஸ்பன் நகரத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு சாவியோடு முடிவதன்று. 1554ஆம் ஆண்டில் அந்நகரில்தான் தமிழ்மொழி முதன்முதலாக அச்சேறியது. 'கார்த்தில்யா' என்று வழங்கும் அச்சிறு நூல் கிறித்தவ மன்றாட்டுகளைக் கொண்டது. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு, அவற்றின் பொருளைப் போர்த்துக்கீசியத்தில் தந்திருந்தனர். கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது 1578இல்தான். லிஸ்பன் நூலை உருவாக்கத் துணைநின்றோர், போர்த்துக்கீசியத் திருமுழுக்குப் பெயர் தாங்கிய மூன்று தமிழர்கள். அவர்களுடைய பழைய தமிழ்ப் பெயர்களை அந்நூல் நமக்குச் சொல்லவில்லை. இந்நூலைத் தமிழுலகம் கருத்திற்கொள்ளச் செய்தவர் தனிநாயகம் அடிகளார் என்பது இங்கே நன்றியோடு நினைக்கத்தக்கது. ஒரு மொழியின் சொல்லை எழுதி அதன் பொருளை இன்னொரு மொழியில் அருகே வைக்கும் எளிய வேலையை நானூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்பே மூன்று தமிழர் அந்த ஊரில் இருந்து செய்தனர். நம் பெண்ணுக்கு அங்கே காத்திருந்ததும் அதே வேலைதான்.

"எங்கே வலிக்கிறது?"

மருத்துவமனையில் அவளுக்குக் கற்பித்த முதல் தொடர், "எங்கே வலிக்கிறது?" என்பதாம். அதை அவர்கள் "ஓந்த தோய்?" என்பது போல ஒலிக்கிறார்கள். 'தோய்' என்றால் வலிக்கிறது. "நம் 'நோய்' போலவே இருக்கிறதே சித்தி, உறவு ஏதும் உண்டா?" என்று கேட்டிருந்தாள். உறவு இல்லை. அது இலத்தீன் வழி வந்த சொல். இது நம் 'நோ' என்னும் வேரிலிருந்து கிளைத்தது. ஓசை ஒப்புமையைக் கண்டு உறவு கொண்டாடுவது மொழிநூலார்க்குத் தகாது. ஆயினும் ஒரு மாணவி அயல்மொழிச் சொல் ஒன்றை நினைவில் நிறுத்திக்கொள்ள அந்த ஓசை உதவியது என்றால் அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டாம் வாரத்தில் நடந்ததுதான் என் உரைக்குக் கருவானது. வயிற்று நோவோடு மூதாட்டி ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டிருந்தார். ஆங்கிலம் அறியாதவர். மருத்துவர் கேட்டதற்கு அவர் கையை அசைத்தும், வயிற்றைப் பிசைந்து காட்டியும், ஒரு கட்டத்தில் கண்ணீர் விட்டும் ஐந்து நிமிடம் போலப் பேசினார். மருத்துவர் பரிவோடு கேட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "வயிற்று வலி, மூன்று நாளாக." அவ்வளவுதான்.

அன்றிரவு அவள் தொலைபேசியில் என்னை அழைத்தாள். "ஐந்து நிமிடப் பேச்சு மூன்று சொல் ஆகிவிட்டதே சித்தி, மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?" என்றாள். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நம் ஊரில் நாங்களும் இதைத்தானே செய்கிறோம்? புறநோயாளிப் பிரிவில் அம்மாக்கள் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம். எனக்குப் புரியும் மொழி என்பதால் அங்கே மிச்சம் காணாமல் போவதை நான் கவனித்ததே இல்லை" என்றாள்.

அயல்நாட்டில் அவள் கற்ற மருத்துவ நுட்பங்கள் பல இருக்கலாம். இந்த ஒரு வினாவுக்காகவே அப்பயணம் தகும் என்று அன்று எனக்குத் தோன்றியது. தாய்மொழி தெரியாத இடத்தில் நின்றபோதுதான் தாய்மொழியில் தான் கேளாது விட்டவை அவளுக்குக் கேட்டன.

குத்தலும் குடைச்சலும்

பரிமாற்றத்தின் மறுபாதி அதற்கடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. போர்த்துக்கல் மாணவர் ஒருவர் இவள் கல்லூரிக்கு வந்தார். அவருக்குப் பயன்பட ஒரு சிறு குறிப்பேடு எழுதித்தரும் பொறுப்பு இவளுடையதாயிற்று. நோயாளிகள் வலியைக் குறிக்க வழங்கும் தமிழ்ச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் கொண்ட ஏடு. இரண்டு பக்கம் எழுதுவதற்குள் தடுமாறிப் போனாள். "குத்தலுக்கும் குடைச்சலுக்கும் என்ன வேறுபாடு? கடுப்பு என்பதும் உளைச்சல் என்பதும் ஒன்றா?" என்று என்னிடம் கேட்டாள்.

முனைவர் பட்டம் பெற்ற தமிழ் விரிவுரையாளரிடம் கேட்ட வினா இது. பேரகராதியைப் புரட்டினால், ஒன்றற்கு மற்றொன்றையே பொருளாகத் தந்து வட்டமிட வைத்தது. ஆகவே எங்கள் தெருவில் கீரை விற்க வரும் மூதாட்டியிடம் கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்ன விளக்கத்தை அவர் சொற்களிலேயே தருகிறேன்.

"குத்தல்னா சுருக்னு ஒரு குத்து குத்திட்டுப் போயிடும்மா. கொடச்சல் அப்படியா? எலும்புக்குள்ள பூந்துக்கினு நோண்டிக்கினே இருக்கும், ராவெல்லாம் தூங்க வுடாது. கடுப்புன்னா, நாள் பூரா குனிஞ்சு நடவு நட்டுட்டு வந்தா இடுப்புல நிக்கும் பாரு, அது. ஒக்காந்தா கொறையும். கொடச்சல் ஒக்காந்தாலும் கொறையாது."

இதைக் கேட்ட என் தமக்கை மகள் வியந்து போனாள். ஓய்வெடுத்தால் குறையும் வலி, ஓய்வெடுத்தாலும் குறையாது இரவில் மிகும் வலி என்னும் பாகுபாடு, நோயைத் துணிவதில் மருத்துவர்கள் முதலில் கேட்டறிய வேண்டிய ஒன்றாம். அவர்கள் பாடநூலில் படித்ததைக் கீரைக்காரப் பாட்டி இரண்டு சொற்களில் பிரித்து வைத்திருந்தார்.

இத்தகைய சொற்களின் மதிப்பை மேலைநாட்டறிஞர் உணர்ந்து ஐம்பதாண்டு கடந்துவிட்டது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் என்னும் உளவியல் அறிஞர், வலியை உரைக்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து, 78 சொற்களை 20 குழுக்களாகப் பகுத்து, 1975இல் ஒரு வினாநிரல் வெளியிட்டார். வலி எவ்வளவு என்று கேட்பது மட்டும் போதாது, எத்தகையது என்றும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வினாநிரல் பல மொழிகளுக்குப் பெயர்ந்துள்ளது.

நம்மிடம் என்ன குறை? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இசிவு, பிசைவு, நமநமப்பு, மதமதப்பு, கிறுகிறுப்பு, படபடப்பு என்று பெயர்களாக எத்தனை! விண்விண்ணென்று தெறிக்கிறது, சுரீரென்கிறது, கபகபவென்று எரிகிறது, கடுகடுவென்றிருக்கிறது என்று இரட்டைக்கிளவியாகவும் ஒலிக்குறிப்பாகவும் எத்தனை! தொல்காப்பியர் உரியியலில் நோய்ப்பொருள் தரும் சொற்களுக்கு இடம் தந்தார். அகப்பாடல்களில் உடல் நோவும் காதல் நோவும் 'நோய்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. வள்ளுவர் 'மருந்து' என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்கையில், மருத்துவனையும் மருந்தையும் பின்னிறுத்தி, நோயுற்றவனை முதலில் வைத்தார். அந்த வரிசை தற்செயலானதன்று என்றே நான் கருதுகிறேன்.

கற்பிக்க வந்து கற்றவர்

நோயுற்றவன் மொழியை முதலில் வைத்த மருத்துவர் ஒருவர் நம்மிடையே வாழ்ந்ததுண்டு. அவர் தமிழரல்லர். அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், சமயப் பணிக்குழுவின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி மருத்துவம் செய்தார், மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர்த் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் கற்றவன் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் செல்வான். தமிழில் கற்றவன் தன் ஊரில் நின்று தன் மக்களுக்குத் தொண்டாற்றுவான் என்பது அவர் கணக்கு.

பாடம் தமிழில் என்றால் நூல் வேண்டுமே? மாணவர்களையும் துணைவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் வேதியியலும் அன்றே தமிழில் பேசின. உடல்நலம் குன்றி 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னரும் அங்கிருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். 1884இல் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே, தமிழருக்கு மருத்துவத் தொண்டாற்றியவர் என்னும் அடையாளம் அவர் கல்லறையில் இடம்பெற்றது. அமெரிக்க மண்ணில் உறங்குகின்ற ஒருவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளத் தமிழரின் பெயரைத் தேர்ந்துகொண்டார். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டு போனதன் சான்று அது.

நம் வட்டாரத்துக்கு அணித்தான ஒருவரையும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையும் இராணிப்பேட்டையும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர்கள். அந்த இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஓரிரவு, பேறுகால வேதனையில் இருந்த மனைவியருக்காக மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து உதவி வேண்டினர். ஆண் மருத்துவர் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. பெண் மருத்துவர் இல்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை அமெரிக்காவுக்கு மருத்துவம் பயில அனுப்பியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மீண்டார். 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையாரோ 1925இல் மகளிர், குழந்தைகள் நோய் குறித்த உயர்கல்விக்காக இலண்டன் சென்றார். திரும்பி வந்தவர் மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்குக் குரல் கொடுத்தார்; 1930இல் அவ்வை இல்லம் கண்டார்; 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியதும் அவர் முயற்சியின் பயனே.

இம்மூவரும் மூன்று திசையில் கடல் கடந்தவர்கள். ஒருவர் அங்கிருந்து வந்தார். ஒருவர் இங்கிருந்து சென்றார். ஒருவர் இங்கே பிறந்து அங்கே சென்று மீண்டார். மூவர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. சொல்ல முடியாது தவித்த நோயாளியின் குரல் மூவர் காதிலும் விழுந்தது. அக்குரலுக்கு மறுமொழியாகவே தாம் கற்ற கல்வியை அவர்கள் செலவிட்டனர்.

நம் கையில் உள்ளது

அன்பர்களே, இப்போது நம் ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிற்சி மருத்துவராக வருகின்ற பிள்ளைகள் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறார்கள். "மேலுக்கு முடியவில்லை" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, "ஒடம்பெல்லாம் நோவுது" என்பது விளங்கிவிடும். ஆனால் சவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகின்ற ஒரு தாய் தன் நோவை எந்தச் சொல்லால் சொல்கிறாள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? நமக்குத்தான் தெரியுமா? மலைவலம் வருகின்ற அயல்நாட்டார் நோயுற்றால் அவருக்கு மொழிபெயர்க்க நாலுபேர் ஓடி வருகிறோம். மலையடிவாரத்துத் தமிழ்த்தாய்க்கு மொழிபெயர்ப்பாளர் யார்?

மருத்துவக் கலைச்சொற்களுக்காகத் தமிழில் நிறைய உழைப்பு நிகழ்ந்திருக்கிறது. மணவை முஸ்தபா போன்ற பெருமக்கள் அகராதிகளே ஆக்கித் தந்தனர். அவை மருத்துவத்திலிருந்து மக்களை நோக்கி வருகின்ற சொற்கள். மக்களிடமிருந்து மருத்துவத்தை நோக்கிச் செல்கின்ற சொற்களுக்கு அந்த அளவு உழைப்பை நாம் தரவில்லை. பரிமாற்றம் என்றால் இருவழியும் வேண்டுமல்லவா?

ஆகவே இப்பத்தாம் ஆண்டில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் உறுப்பினர்கள் வேங்கிக்காலிலும், கீழ்பென்னாத்தூர், போளூர், செங்கம், சமுனாமரத்தூர் வட்டாரங்களிலும் பரவி வாழ்கிறீர்கள். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதியோரிடம் அமர்ந்து, வலியையும் நோவையும் குறிக்கும் சொற்களைக் கேட்டு எழுதுங்கள். சொல், அது வழங்கும் ஊர், உடம்பில் எந்த உறுப்புக்கு வழங்குகிறது, அதன் விளக்கம் என நான்கு செய்திகள் போதும். விளக்கம் மட்டும் சொன்னவர் வாய்மொழியிலேயே இருக்கட்டும். நாம் அதைத் திருத்த வேண்டா. தொகுத்த பின் தமிழறிந்த மருத்துவர் ஒருவரையோ இருவரையோ உடன் வைத்துக்கொண்டு சரிபார்ப்போம். நாற்பது பக்கச் சிறு நூலாக அச்சிட்டு, இங்கே பணியேற்க வரும் ஒவ்வொரு பயிற்சி மருத்துவர் கையிலும் கொடுப்போம். லிஸ்பனுக்குப் போன பெண்ணின் இரண்டு பக்கக் குறிப்பேட்டுக்கு அதுவே நிறைவாக அமையும்.

இது புலவர் செய்யும் வேலையா என்று யாரேனும் தயங்கினால் ஒன்று சொல்வேன். கவிஞன் தன் நோவைச் சொல்லச் சொல் தேடுகிறான். நோயாளியும் அதையேதான் தேடுகிறான். கவிஞனுக்குச் சொல் கிடைக்காவிட்டால் ஒரு கவிதை குறையும். நோயாளிக்குச் சொல் கிடைக்காவிட்டாலோ, கிடைத்த சொல்லைக் கேட்பார் இல்லாவிட்டாலோ, குறைவது ஓர் உயிராக இருக்கலாம். சொல்லின் அருமை அறிந்த நாம் அவனுக்குத் துணைநிற்பது கடமை. அச்சொற்கள் முதியோரோடு மறைந்து கொண்டிருக்கின்றன என்பதையும் மறவாதீர்கள். கீரைக்காரப் பாட்டியின் பேத்தி இன்று 'பெயின்' என்ற ஒரே சொல்லால் எல்லா வலியையும் சொல்கிறாள். குடைச்சலும் கடுப்பும் அவள் உடம்பில் இருக்கின்றன, நாவில் இல்லை.

பத்தாண்டு கண்ட வட்டம் நூறாண்டு காண வேண்டும் என்று வாழ்த்துகிறேன். பதினோராம் ஆண்டு விழாவில் அந்த நாற்பது பக்க நூல் இம்மேடையில் வெளிவர வேண்டும் என்றும் விழைகிறேன். முதற் படியைக் கீரைக்காரப் பாட்டியின் கையால் வெளியிடலாம் என்பது என் சிறிய ஆசை.